கைவேலை மாண்டலின் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது

திங்கள்சந்தைப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் மாண்டலின் ஒன்று விலைக்கு இருக்கிறது. கடையில் வாங்கிய கம்பெனி சாமான் இல்லை. தக்கலைப் பக்கத்தில் வயலினும் ஹார்மோனியமும் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆசாரி தன் கையாலேயே இழைத்துச் செய்தது. ஆசாரி இப்போது உயிரோடு இல்லை. சாருக்கு வாதத்தில் விரல் மடங்கவில்லை, பிள்ளைகள் யாரும் வாசிப்பதில்லை. 40,000 ரூபாய் சொல்கிறார். போய்ப் பார்த்தேன், வாசித்தேன், யோசித்துவிட்டு மறுபடியும் போனேன். வாங்குவதா விடுவதா என்று தீர்மானிக்க என்னவெல்லாம் பார்க்க வேண்டியிருந்தது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். நம் மாவட்டத்தில் பழைய தந்தி வாத்தியம் வாங்க நினைக்கிற இன்னொருவருக்குப் பயன்படலாம்.

கம்பெனி வாத்தியம் என்றால் விலை விசாரிப்பது லேசு. மாடல் பேரைச் சொன்னால் போதும், புதுசு என்ன விலை, பழசு என்ன விலை என்று யாராவது சொல்லிவிடுவார்கள். நம் ஊர்க் கடைகளில் தொங்குகிற மாண்டலின் பெரும்பாலும் கொல்கத்தாவிலிருந்து வருவது, சில ஆயிரம் ரூபாயில் காரியம் முடிந்துவிடும். அமெரிக்காவில் ஒற்றை ஆளாகப் பட்டறை வைத்துச் செய்கிறவர்களின் மாண்டலின் லட்சக்கணக்கில் போகிறது. பேர் பொறிக்காத, உள்ளூர் ஆசாரி செய்த ஒன்றை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே வைப்பது? பக்கத்தில் வைத்துப் பார்க்க அவர் செய்த இன்னொன்று கைக்குக் கிடைக்கவில்லை. நாளைக்கு நான் விற்கப் போனாலும் இதே திண்டாட்டம்தான். அதனால் திருப்பி விற்றால் என்ன கிடைக்கும் என்கிற கணக்கை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். வாசிக்கத்தான் வாங்குகிறேன் என்றால் மட்டும் மேற்கொண்டு பேசலாம்.

எனக்கு எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிறிஸ்தவ சபையில் கீர்த்தனை பாடும் குழு ஒன்று உண்டு. ஹார்மோனியம், டோலக், வயலின், கூட நான் மாண்டலினோடு. வயலினுக்கும் மாண்டலினுக்கும் சுருதி ஒன்றே: ஜி, டி, ஏ, ஈ. வயலின்காரர் விரல் வைக்கிற இடத்திலேயே நானும் வைக்கலாம், எனக்கு விரல் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள், அதாவது ஃபிரெட், இருக்கிறது, அவருக்கு இல்லை. இதுவரை நான் வாசித்தது தட்டையான மேல்பலகையும் நடுவில் வட்ட ஓட்டையும் வைத்த சாதாரண மாண்டலின். வீட்டில் வாசிக்கும்போது குறை தெரியாது. டோலக் எழும்பியதும் அது இருக்கிற இடமே தெரியாமல் போய்விடும். டிசம்பர் மாதக் கேரலில் தெருத் தெருவாக நடந்துகொண்டே வாசிக்கும்போது நிலைமை இன்னும் மோசம். மைக் கிடையாது, திறந்த வெளி, சுற்றிலும் பிள்ளைகளின் சத்தம். முன்னால் போய் விழுகிற நாதம் எனக்கு வேண்டும்.

மாண்டலின் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது யு.ஸ்ரீநிவாஸ்தான். எனக்கும் அப்படித்தான். 1969ல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்து, சிறுவனாக இருக்கும்போதே கச்சேரி மேடையேறி, 2014ல் நாற்பத்தைந்து வயதில் போய்விட்ட அந்த மனிதர் இல்லையென்றால், கர்நாடக சங்கீதத்தில் இந்த வாத்தியத்துக்கு இன்றைய இடம் கிடைத்திருக்காது. ஆனால் அவர் கையில் இருந்தது வேறு சாமான். மின்சார மாண்டலின். ஜோடி ஜோடியாக எட்டுக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைக் கம்பிகளாக ஐந்து வைத்துக்கொண்டார். காரணம் புரிந்துகொள்ளக் கூடியது. கமகத்துக்காகக் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது ஜோடிக் கம்பி இரண்டும் ஒரே அளவுக்கு இழுபடாது. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், ஸ்வரம் பிளந்துபோகும். அதோடு ஆம்ப்ளிஃபயர் இருந்தால் ஒரு மீட்டலே நெடுநேரம் நிற்கும். ஜோடிக் கம்பி அகூஸ்டிக் மாண்டலினில் நாதம் சட்டென்று அடங்கிவிடும். நீண்ட ஸ்வரம் வேண்டுமென்றால் மீட்டும் துண்டான பிக்கை மேலும் கீழும் வேகமாக ஆட்டித்தான் நிறுத்த வேண்டும்.

எங்கள் கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டுக்குப் பாட்டு ராகமும் தாளமும் போட்டிருக்கும். கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து வருகிற வழக்கம். அப்படியானால் ஸ்ரீநிவாஸ் வழியில் மின்சார மாண்டலின்தானே சரி என்று நண்பர்கள் கேட்டார்கள். தனியாகக் கச்சேரி செய்கிறவருக்கு அதுதான் சரி. நான் பாடுகிறவர்களுக்குப் பின்னால் நிற்கிறவன். கமகத்தை அவர்கள் தொண்டை பார்த்துக்கொள்ளும், கூட வயலின் இருக்கிறது. என் வேலை மெட்டைத் தெளிவாகப் பிடித்துக்கொடுப்பதும் தாளத்தில் ஒரு வெட்டு வைப்பதும். அதற்கு ஜோடிக் கம்பியின் மினுக்கம்தான் வேண்டும். அந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சாரிடம் இருப்பது கண்ணீர்த் துளி வடிவ உடல், மேல்பலகை வயலின்போலக் குவிந்து செதுக்கியது, இரண்டு பக்கமும் எஃப் வடிவத் துளை. இந்த வடிவத்தின் கதை நேப்பிள்ஸில் தொடங்கவில்லை. அங்கே பதினெட்டாம் நூற்றாண்டில் உருவானது முதுகு உருண்டையான வகை. பலகையைக் குடைந்து மாண்டலின் செய்யும் முறைக்கு அமெரிக்காவின் கலமசூ ஊரில் ஆர்வில் கிப்சன் 1898ல் காப்புரிமை வாங்கினார். அவர் பேரில் நடந்த கிப்சன் கம்பெனியில் 1919 முதல் 1924 வரை இருந்த லாயிட் லோர் மேற்பார்வையில் வட்ட ஓட்டை போய் எஃப் துளை வந்தது, கம்பியைத் தாங்கும் கட்டையான பிரிட்ஜ் இருக்கும் இடம் உடலின் நடுவுக்கு நகர்ந்தது. முன்னால் போய் விழுகிற சத்தம் அதிலிருந்துதான். தக்கலை ஆசாரி இதையெல்லாம் எங்கே பார்த்தார் என்று சாரிடம் கேட்டேன்.

“ஃபோட்டோ பாத்துச் செய்தாரு மக்கா. அளவு மட்டும் யாரோ வெளிநாட்டில இருந்து எழுதி அனுப்புனாவ. மேல்பலகை வயலினுக்குன்னு வாங்கி வச்சிருந்த ஸ்ப்ரூஸ். பின்னாடி நம்ம பிலாவு.”

ஸ்ப்ரூஸ் என்பது குளிர்நாட்டு ஊசியிலை மரம். பிலாவு என்றால் பலாமரம். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் கையில் எடுத்துப் பார்த்த கதை.

வாசிப்பதற்கு முன்னால் கழுத்தைப் பார்க்க வேண்டும். எட்டுக் கம்பியும் சுருதியில் நிற்கும்போது மாண்டலினின் மேல் விழுகிற மொத்த இழுவிசை 70 கிலோவுக்கு மேல். கிட்டத்தட்ட ஒரு ஆள் எடை, இரவும் பகலும், வருஷக்கணக்காக அந்தச் சின்ன உடலை இரண்டாக மடக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மடங்கியிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. தலைப்பக்கத்தைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு ஃபிரெட் பலகையின் ஓரத்தை நூல் பிடித்ததுபோல் பார்க்கலாம். அதைவிட நம்பகமான வழி, கம்பியையே அடிக்கோலாகப் பயன்படுத்துவது. முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால் கம்பி நேர்கோடாக நிற்கும். நடுவில் ஏழாவது ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே ஒரு தாள் நுழைகிற அளவு சந்து இருந்தால் சரி. நாலைந்து தாள் நுழைந்தால் கழுத்து முன்னால் வளைந்துவிட்டது என்று அர்த்தம். சாரின் மாண்டலினில் ஒரு தாள் உரசிக்கொண்டு போனது. கழுத்துக்குள் முறுக்கிச் சரிசெய்யும் இரும்புக் கம்பி எதையும் ஆசாரி வைக்கவில்லை என்பதால் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வளைந்திருந்தால் சாவி போட்டுத் திருப்பி நிமிர்த்த வழியே இல்லை. அங்கேயே எழுந்து வந்திருப்பேன்.

அடுத்தது பிரிட்ஜ். மாண்டலினில் பிரிட்ஜை ஒட்டுவதில்லை. கம்பி அழுத்துகிற அழுத்தத்தில் அது சும்மா உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் சின்னத் திருகுச் சக்கரம் உண்டு, உயர்த்தலாம், தாழ்த்தலாம். பழைய மாண்டலினின் சரித்திரத்தை இந்தச் சக்கரத்தைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். சக்கரம் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கிறது, அப்படியும் கம்பி ஃபிரெட்டுக்கு மேல் உயரமாக நிற்கிறது என்றால் கழுத்து மேலே எழும்பிவிட்டது, பொருத்து விட்டுக்கொண்டிருக்கலாம். சக்கரம் உச்சிக்கு ஏறியிருக்கிறது, கம்பி அப்போதும் ஃபிரெட்டில் உரசுகிறது என்றால் மேல்பலகை உள்ளே அமுங்கிவிட்டது. இரண்டுமே பெரிய வேலை. இரண்டாவது சில நேரம் பரிகாரமே இல்லாதது. இங்கே சக்கரம் நடுவுக்குச் சற்று மேலே இருந்தது. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பியின் உயரம் 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. விரலுக்கு இதம்.

மேல்பலகை கொஞ்சமாவது அமுங்கியிருக்குமோ என்று ஒரு நேர்ச்சட்டத்தைக் குறுக்கே வைத்துப் பார்த்தேன். குவிவு இரு பக்கமும் ஒரேபோல இறங்கியது. அப்புறம் கைபேசி விளக்கை எஃப் துளையில் வைத்து, பல் டாக்டர்கள் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியை மற்றத் துளையில் நுழைத்து உள்ளே பார்த்தேன். இதை யாரும் விடக் கூடாது. வெளியே பாலிஷ் எல்லாவற்றையும் மூடிவிடும், உள்ளே மூட முடியாது. மேல்பலகைக்கு அடியில் நெடுக்காக இரண்டு சட்டம் ஓடியது. அவற்றின் முனைகள் பலகையோடு ஒட்டியே இருந்தன. இடைவெளி ஒன்றும் கண்ணில் படவில்லை. பக்கப் பலகையும் முதுகும் சேருகிற இடத்தில் நெடுகப் பதித்த மெல்லிய பட்டையில், கத்தியால் கீறிக் கீறி வளைத்த தடம் வரிசையாகத் தெரிந்தது. முதுகுப் பலகையில் பென்சிலில் “1998 மார்ச்” என்று எழுதி அடியில் ஒரு கோடு. பாலிஷ் பூசிய வெளிப்பக்கம் நல்ல தவிட்டு நிறத்துக்கு வந்துவிட்டது. வெளிச்சம் படாத உட்பக்கம் இன்னும் மஞ்சள் விடவில்லை. உளி ஓடின அலையலையான தடத்தைக்கூட அவர் தேய்த்து அழிக்கவில்லை. யாரும் பார்க்கப் போவதில்லை என்ற இடத்தில் பசை ஒழுகல் ஒரு சொட்டுக்கூட இல்லாமல் துடைத்து வைத்திருந்தார். வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது அந்த இடத்தில்தான்.

விரல் கணுவால் பலகையைச் சுற்றிலும் தட்டிப் பார்த்தேன். சட்டம் விட்டிருந்தால், விளிம்பில் பசை போயிருந்தால் அந்த இடத்தில் மட்டும் சத்தம் செத்துப்போகும், அல்லது ஒரு சின்னப் படபடப்பு கேட்கும். சுசீந்திரத்தில் அலங்கார மண்டபத்து இசைத் தூண்களைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு, தட்டிக் கேட்டுப் பொருளின் உள்நிலையை அறிவது புதுசில்லை. வலப்பக்கம், எஃப் துளையின் கீழ் முனைக்கு அருகில் சத்தம் லேசாக மங்கியது. விளக்கடித்துப் பார்த்தால் அங்கே ஒரு விரிசல், பழையது. உள்ளிருந்து மூன்று சின்ன மரக் கட்டை ஒட்டி அடைத்திருக்கிறது.

அதைச் சார் மறைக்கவில்லை. கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார். “அது எனக்க கையில இருந்து கீழ விழுந்ததாக்கும். ஆசாரிதான் அடைச்சுத் தந்தாரு. அப்பமே பதினஞ்சு வருஷம் ஆச்சு, கேட்டியளா.” 

விரிசல் விழுந்த வாத்தியம் என்றதும் பின்வாங்குகிறவர்கள் உண்டு. என் அபிப்பிராயம் வேறு. புளூகிராஸ் என்கிற அமெரிக்க நாட்டுப்புறச் சங்கீதத்தை உருவாக்கிய பில் மன்றோ 1940களில் ஃபுளோரிடாவில் ஒரு முடிதிருத்தும் கடையில் பார்த்து 150 டாலருக்கு வாங்கியது, லாயிட் லோர் 1923ல் கையெழுத்திட்ட மாண்டலின். அதுவும் பழசு வாங்கியதுதான். 1985ல் யாரோ அவர் வீட்டுக்குள் புகுந்து அதை அடித்துச் சிதறடித்தார்கள். சில்லுச் சில்லாகப் போனதைக் கிப்சன் கம்பெனியின் பழுதுபார்ப்பவர் ஒருவர் பொறுக்கிச் சேர்த்து ஒட்டிக் கொடுத்தார். மன்றோ கடைசி வரை அதைத்தான் வாசித்தார். ஒழுங்காக ஒட்டிய மரம் ஒட்டிய இடத்தில் மறுபடி விடுவது அபூர்வம். விரிசல் எங்கே இருக்கிறது, யார் அடைத்தது, அடைத்தபின் எத்தனை காலம் கம்பியின் இழுப்பைத் தாங்கியிருக்கிறது என்பதுதான் கேள்வி. பிரிட்ஜ் பாதத்துக்கு நேர் கீழே இருந்திருந்தால் நான் யோசித்திருப்பேன். இது அங்கிருந்து நன்றாகத் தள்ளி இருக்கிறது. செய்தவரே அடைத்திருக்கிறார். விரல் நுனியால் தடவினால் மேடுபள்ளம் இல்லை.

இனி பலாமரம். மேல்நாட்டு முறைப்படி மாண்டலினுக்கு முதுகும் பக்கமும் மேப்பிளில் செய்வார்கள். பலாவில் செய்த மாண்டலின் என்றால் இசைக்கடைக்காரர் முகம் சுளிப்பார். எனக்கு அதில் தயக்கம் இல்லை. தஞ்சாவூர் வீணையின் குடம் பலாமரம். மிருதங்கக் கட்டை பலாமரம். இந்த மண்ணில் நாதத்துக்கென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த மரம் அது. மேப்பிள் அளவுக்குப் பளீரென்று வெட்டாது, கொஞ்சம் உருண்டையாக, கீழ்ஸ்தாயியில் ஆழமாகப் பேசும். சாரின் மாண்டலினில் ஜி கம்பியைத் திறந்து மீட்டியபோது அது கேட்டது. ஈ கம்பியில் ஏழாவது ஃபிரெட்டுக்கு மேலேயும் ஸ்வரம் மெலிந்து சிணுங்காமல் நிற்கிறது. அது ஸ்ப்ரூஸ் பலகையை அவர் செதுக்கிய கனத்தின் கணக்கு.

மரம் எப்படி நிலைக்கும் என்று கேட்டால் பத்மநாபபுரம் அரண்மனையைப் போய்ப் பார்க்கலாம். தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தைக் கடைந்து செய்த தூண் ஒன்று நிற்கிறது. பதினாறாம் நூற்றாண்டுக் கட்டடம் அது. நம் ஊர் ஈரத்தில், நம் ஊர் மரம், இத்தனை நூற்றாண்டாக.

ஈரம்தான் இந்த முழுக் கணக்கிலும் பெரிய விஷயம். கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. ஆனியில் தொடங்கினால் கார்த்திகை முடியும்வரை ஏதாவது ஒரு சாரல் இருந்துகொண்டே இருக்கும். மழை நாட்களில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். நல்ல பட்டறைகளில் வாத்தியம் செய்கிற அறையை 45 முதல் 50 சதவீதத்தில் வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட காய்ந்த ஊரில் பிறந்த வாத்தியம் நம் ஊருக்கு வந்தால் முதல் மழையிலேயே மூச்சுமுட்டும். மரம் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது, ரேகைக்குக் குறுக்கே உப்பும். மேல்பலகை மேலே எழும்பும், பிரிட்ஜும் கூடவே ஏறும், போன மாதம் விரலுக்கு இதமாக இருந்த கம்பி இந்த மாதம் விரலை அறுக்கும். வெயில் காலத்தில் எல்லாம் தலைகீழ். கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக் காற்று வேறு. குளச்சலில் வாசிக்கிற என் நண்பர் ஒருவருக்குப் புதுக் கம்பி போட்டுச் சில வாரத்திலேயே கறுத்துப்போகிறது.

புதிதாகச் செய்து வாங்குகிறவர்களுக்கு இது ஒரு சூதாட்டம். எவ்வளவு நல்ல கை செய்திருந்தாலும், அந்தக் குறிப்பிட்ட பலகை இந்த 70 கிலோ இழுப்பிலும் இந்த மழையிலும் என்ன செய்யும் என்பது நாலைந்து வருஷம் கழித்துத்தான் தெரியும். கழுத்து முறுக்கிக்கொள்ளுமா, பலகை இறங்குமா, பொருத்து விடுமா என்று வாங்குகிறவன்தான் காத்திருக்க வேண்டும். பழைய கைவேலை வாத்தியத்தில் அந்தக் காத்திருப்பு முடிந்துவிட்டது. 1998க்குப் பின் வந்த மழைகளையெல்லாம் இது இதே மாவட்டத்தில், இதே ஓட்டு வீட்டில் பார்த்துவிட்டது. வளைவதாக இருந்தால் வளைந்திருக்கும், வெடிப்பதாக இருந்தால் வெடித்திருக்கும். இன்றைக்குக் கழுத்து நேராக நிற்கிறது, பலகை குவிவோடு இருக்கிறது, கீழே விழுந்த இடத்தைத் தவிர வேறு எங்கும் விரிசல் இல்லை. செய்தவர் பேர் எங்கும் பொறிக்கவில்லை என்பது எனக்கு இப்போது பெரிய குறையாகப் படவில்லை. கம்பெனி கொடுக்கும் உத்தரவாதச் சீட்டைவிட இது மேல் என்றே நினைக்கிறேன்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. வெப்பம். ஆசாரிமார் பயன்படுத்தும் வஜ்ரம் நல்ல பசைதான், பழுது பார்க்கும்போது ஈரமும் சூடும் காட்டிப் பிரிக்கவும் முடியும் என்பது அதன் பெரிய வசதி. அதே காரணத்தால் மூடிய காருக்குள் நண்பகல் வெயிலில் விட்டால் பொருத்து இளகும். எத்தனை மழை தாங்கிய வாத்தியமும் ஒரே மதியத்தில் போய்விடும். சாரிடம் கார் கிடையாது. அது இந்த மாண்டலினுக்கு நல்லதாகப் போயிற்று.

குறைகளைச் சொல்ல வேண்டும். ஃபிரெட் தேய்ந்திருக்கிறது. முதல் ஐந்து ஃபிரெட்டில் ஏ, ஈ கம்பிகளுக்கு அடியில் பள்ளம் விழுந்து, விரலை நகர்த்தும்போது நகத்தில் தட்டுகிறது. கீர்த்தனை வாசித்த கை என்பது தெரிகிறது, மேல் ஃபிரெட்டுகளில் ஒரு கீறல்கூட இல்லை. அரம் போட்டுச் சமன் செய்கிற நிலையைத் தாண்டிவிட்டது. குறைந்தது அந்த ஐந்தையும் மாற்ற வேண்டும். மாற்றினால் மற்றவை உயரம் ஒத்துவராது, ஆகவே எல்லாவற்றையும் மாற்றுவதுதான் முறை. கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டில் டி கம்பியின் வெட்டு ஆழமாகிவிட்டது, திறந்து மீட்டினால் முதல் ஃபிரெட்டில் ஒரு சலசலப்பு. கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் டியூனிங் கீயில் இரண்டு பின்னால் நழுவுகிறது, சுருதி சேர்த்துக் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடுகிறது. கம்பிகளின் அடிமுனையை மாட்டும் டெயில்பீஸில் துரு.

இவை எல்லாமே மாற்றக்கூடிய சாமான். சைக்கிளுக்கு டயரும் செயினும்போல, தேய்ந்தால் மாற்றத்தான் இருக்கின்றன. கழுத்தும் மேல்பலகையும் சட்டகம். பழைய வாத்தியம் பார்க்கப் போகிறவர்கள் பலர் துருவையும் தேய்மானத்தையும் பார்த்து முகம் திருப்புகிறார்கள், பளபளப்பான பாலிஷுக்கு அடியில் வளைந்த கழுத்தைப் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு கடையில் அப்படி வாங்கி, வாசிக்க முடியாமல் சுவரில் மாட்டியிருக்கிறார்.

ஒன்று மட்டும் மனதை அரித்துக்கொண்டிருந்தது. ஃபிரெட் இடைவெளி. உள்ளூரில் கையால் அளந்து வெட்டிய ஃபிரெட் பலகை. அளவு எங்காவது அரை மில்லிமீட்டர் பிசகினாலும் அந்த ஸ்வரம் ஆயுளுக்கும் அபஸ்வரம்தான், பலகையையே கழற்றிப் புதிதாகப் போட வேண்டும். மாண்டலினின் கம்பி நீளம் 14 அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. இவ்வளவு குட்டை என்பதால் பிசகு இன்னும் பெரிதாகக் கேட்கும். இதைச் சோதிக்க இரண்டாம் முறை போகும்போது புதுக் கம்பி வாங்கிக்கொண்டு போனேன். பழைய, துருவேறிய கம்பியில் சுருதி சரியாக இருக்காது, அதை வைத்து ஃபிரெட்டைக் குறை சொல்ல முடியாது. சாரின் அனுமதியோடு ஒவ்வொரு ஜோடியாகக் கழற்றி மாட்டினேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் பிரிட்ஜ் நகர்ந்துவிடும். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அழுத்திய ஸ்வரத்தையும், அதே இடத்தில் விரலை வெறுமனே தொட்டு எழுப்பும் மேல்ஸ்தாயி ஸ்வரத்தையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றாகும்வரை பிரிட்ஜை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். அப்புறம் கைபேசியில் சுருதி காட்டும் செயலியை வைத்துக்கொண்டு ஃபிரெட் ஃபிரெட்டாக ஏறினேன். தேய்ந்த ஃபிரெட்டுகளில் முள் கொஞ்சம் தடுமாறியது. ஆறிலிருந்து மேலே, தேய்மானம் இல்லாத இடங்களில், முள் நடுவில் நின்றது. வெட்டு சரி. ஆசாரி அளவில் பிசகவில்லை.

சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். “கொள்ளாம், சுருதி நிக்குது பாத்தியளா?” என்றார். நான் மோகனத்தில் ஒரு கீர்த்தனையை மெல்ல வாசித்தேன். கூடவே முணுமுணுத்தார். கூடத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வேண்டிய அந்த முன்னால் போய் விழுகிற சத்தம் அது.

விலைக்கு வருவோம். ஃபிரெட் முழுவதும் மாற்றி, புது நட் வெட்டி, டியூனிங் கீ ஒரு செட் வாங்கிப் போட்டு, டெயில்பீஸும் மாற்றினால் திருவனந்தபுரத்தில் கூலியும் சாமானும் சேர்த்துப் பத்தாயிரத்துக்கு மேல் ஆகும் என்று அங்கே கிட்டார் பழுது பார்க்கிற ஒருவரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நாகர்கோவிலில் கம்பி மாற்ற ஆள் உண்டு, ஃபிரெட் மாற்ற நம்பிக் கொடுக்க எனக்கு ஆள் தெரியாது. இந்தக் கணக்கைச் சாரிடம் தாளில் எழுதியே காட்டினேன். பேரம் பேசும்போது வாத்தியத்தை மட்டம் தட்டிப் பேசுவது எனக்குப் பிடிக்காது. இருபது வருஷத்துக்கு மேல் வாசித்தவர் முன்னால் உட்கார்ந்துகொண்டு “மரம் பலாதானே, பேர் இல்லையே” என்று சொல்ல வாய் வராது, சொல்லவும் கூடாது. மரமும் கைவேலையும் நீங்கள் சொல்கிற விலை பெறும் சார், வாசிக்கிற நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவைக் கழித்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டேன்.

தாளை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். “28 தாருங்கோ” என்றார். நான் 30 என்றேன். அவர் கழித்தது என் கணக்கைவிட அதிகம். அந்த 2,000 ரூபாய் அவருக்குச் சேர வேண்டியது. சிரித்துக்கொண்டே சரி என்று தலையசைத்தார்.

ஆக, வாங்குகிறேன். முன்பணம் கொடுத்தாயிற்று, மீதியை மாதக் கடைசியில் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்கிறேன். கேரலுக்கு முன்னால் ஃபிரெட் வேலை முடிந்தாக வேண்டும். பழைய ஃபிரெட்டைப் பிடுங்கும்போது பலகையில் சில்லு தெறிக்காமல், சூடு காட்டி மெதுவாக எடுக்கச் சொல்ல வேண்டும். ஆசாரி வெட்டிய வெட்டு அப்படியே இருக்கட்டும், அதை ஆழப்படுத்த வேண்டாம் என்றும் சொல்லிவிடுவேன். கம்பி விஷயத்தில் சார் எப்போதும் மீடியம் செட்தான் போட்டாராம். விரிசல் அடைத்த பலகை என்பதால் நான் லைட் செட்டுக்கு இறங்குகிறேன். அங்குலத்தில் ஆயிரத்தில் 10, 14, 24, 34 பங்கு கனமுள்ள கம்பிகளாகப் போட்டால் சத்தம் கொஞ்சம் குறையும், இழுப்பும் குறையும். ஒரு மழைக்காலம் அப்படிப் போகட்டும். அதற்குப் பிறகு உள்ளே கண்ணாடியை விட்டு அந்த மூன்று கட்டையையும் பார்த்துவிட்டு, மீடியம் போடலாமா என்று முடிவு செய்கிறேன்.